எல்லோரும் கை தூக்கிய பொதுக்குழு

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முகத்துக்கு நேராக ‘முடியாது’ என்று சொல்ல வராது. பெண் கேட்டு வந்தவர்களிடம்கூட, “ஆகட்டுங்க, பாத்துக்கலாமுங்க” என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். வந்தவர்களும் காபியைக் குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போவார்கள். மாசக்கணக்கில் காத்திருந்து, அதே பெண்ணுக்கு வேறிடத்தில் நிச்சயமான கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்த பிறகுதான் அன்றைக்குச் சொன்னது ‘முடியாது’ என்பது விளங்கும். அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கல்யாணத்துக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். இப்படிப்பட்ட ஊரில்தான் என் மாமா, கட்சித் தலைவர் பதவிக்கு ஆதரவு கேட்டுப் புறப்பட்டார்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கட்சியின் பெயரைச் சொன்னாலும் இன்று பாதிப் பேருக்கு நினைவு வராது, அதனால் விட்டுவிடுகிறேன். விவசாயிகளுக்கும் விசைத்தறிக்காரர்களுக்குமான கட்சி என்று சொல்லிக்கொள்வார்கள். சட்டசபைக்குள் ஒரு ஆள்கூடப் போனதில்லை. ஆனால் பொள்ளாச்சியிலிருந்து சத்தியமங்கலம் வரை எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தக் கட்சியின் கரைவேட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். கட்சியைத் தொடங்கியவரை எல்லோரும் அய்யா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி, இனிமேல் மைக்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மைக்கைத் தொடாமல் என்ன தலைவர் என்று அய்யாவே விலகிக்கொண்டார்.

அடுத்தது மாமாதான் என்பதில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. கட்சியில் அய்யாவும் மாமாவும் மட்டும் இருந்த காலத்தில் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் பேச, இன்னொருவர் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கட்சி, கட்சி என்று அலைந்து மாமா தன் தோட்டத்தைக்கூடக் குத்தகைக்கு விட்டுவிட்டார். “கட்சி எங்கூடப் பொறந்த பொறப்பு மாதிரி அம்மணி” என்று அம்மாவிடம் சொல்வார். கூடப் பிறந்தவளிடமே இப்படிச் சொல்கிறாரே என்று அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அந்த நேரம் பார்த்து மில்காரர் தானும் நிற்கிறேன் என்று அறிவித்தார். நூற்பாலை முதலாளி. கட்சிக்கு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. மாநாடு என்றால் பந்தலும் சாப்பாடும் அவருடையது. இதில் எங்கள் வீட்டுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. அப்பா சோமனூர் பக்கம் தறி வைத்திருந்தார். மில்காரரிடமிருந்து தறியில் ஏற்றும் பாவு நூலும் ஊடை நூலும் வரும். அப்பா கூலிக்கு நெய்து, கைப்பட எழுதிய சீட்டோடு துணியாகத் திருப்பிக் கொடுப்பார். அவர் பாவு அனுப்பினால் தறி ஓடும், அனுப்பாவிட்டால் நிற்கும். அப்பாவும் கட்சியின் பொதுக்குழுவில் இருந்தார். மாமாதான் சேர்த்துவிட்டிருந்தார்.

எனக்கு அப்போது முழுப்பரீட்சை லீவு. மாமா என்னைத் தன்னோடு காரில் ஏற்றிக்கொண்டார். காரணம் பாசம் இல்லை. ஆம்பிளை மட்டும் தனியாகப் போய் நின்றால் வாசலோடு பேசி அனுப்பிவிடுவார்களாம். கூட ஒரு பெண் இருந்தால் வீட்டுப் பெண்கள் உள்ளே கூப்பிட்டாக வேண்டும். அத்தைக்கு மூட்டுவலி, படியேற முடியாது. ஆகவே பத்து வயதில் நான் கட்சியின் பெண் பிரதிநிதியாக ஊர் ஊராகப் போனேன்.

எனக்கு ஒரு இடத்தில் கால் நிற்காது. மாமாவுக்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தெரியாது. காரமடையில் ஒரு வீடு, கருவேப்பிலைத் தோட்டம். போனதும் தண்ணீர், பிறகு காபி, பிறகு முறுக்கு. ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் கிணறு வற்றியது என்று சுற்றிச் சுற்றிப் பேசுவார்கள். வந்த விஷயத்தை யாரும் எடுக்க மாட்டார்கள். நான் சோபாவில் நெளிந்துகொண்டே இருப்பேன். கடைசியில் வாசலில் செருப்பை மாட்டும்போது மாமா, “அப்புறமுங்க, பொதுக்குழு வருதுங்க” என்பார். “அதுக்கென்னங்க, சொல்லோணுங்களா? ஆகட்டுங்க” என்பார் வீட்டுக்காரர். அவ்வளவுதான் ஓட்டுக் கேட்பது. இந்த ஒரு வரிக்காகவா இத்தனை முறுக்கு என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

காரில் ஏறியதும் மாமா எனக்கு அரசியல் சொல்லிக்கொடுப்பார். ‘ஆகட்டுங்க’ என்பதை மட்டும் நம்பக்கூடாது. சொன்னவர் நம்மோடு எதுவரை வருகிறார் என்று பார்க்க வேண்டும். நிலைப்படியோடு நின்றுவிட்டால் ஓட்டு இல்லை. கேட் வரை வந்தால் யோசிக்கிறார். கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஓட்டு நமக்குத்தான். “பாத்தியா கண்ணு, கதவைப் புடிச்சுட்டு எப்பிடி நிக்கறாரு!” என்று குதூகலிப்பார். நானும் ஒவ்வொரு வீட்டிலும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் எல்லோரும் கார் வரைக்கும் வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இதே ஆட்கள் மில்காரரின் காரையும் இப்படித்தானே பிடித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அரசியலில் ஊறிய மாமாவுக்கே தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

சத்தியமங்கலத்தில் மட்டும் ஒரு மகளிரணி அக்கா காபி டம்ளரைக் கையில் கொடுத்த கையோடு, “அண்ணா, நான் மில்காரருக்குச் சொல்லிப்போட்டனுங்க. உங்களுக்குப் போட முடியாதுங்க, மனசுல வெச்சுக்காதீங்க” என்றார். மாமாவுக்குக் காபி புரையேறியது. எனக்கு அந்த அக்காவைக் கண்டாலே பிடிக்காமல் போயிற்று. மாமா காரில் ஏறி, பவானி ஆற்றுப் பாலம் தாண்டிய பிறகு, “அந்தப் புள்ளைக்கு மட்டும்தான் கண்ணு என்ற மேல மருவாதி இருக்குது” என்றார். உனக்கு ஓட்டில்லை என்று சொல்வது என்ன மரியாதையோ, எனக்கு விளங்கவில்லை.

பொதுக்குழு அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடியது. நானும் அம்மாவும் மாடி வராந்தாவில் மற்ற வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து கீழே எட்டிப் பார்த்தோம். அம்மா காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அண்ணன் ஜெயித்தால் காரமடை ரங்கநாதருக்கு என்னவோ வேண்டிக்கொண்டிருந்தாள். கீழே அப்பா ஒரு நாற்காலியில் ஐந்து நிமிஷம் இருக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போவார், செல்போனை எடுத்துப் பார்ப்பார், திரும்பி வந்து வேறு நாற்காலியில் உட்காருவார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன்.

மேடையில் அய்யா நடுவில். ஒரு பக்கம் மாமா, இன்னொரு பக்கம் மில்காரர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டார்கள். பெட்டி, சீட்டு என்று எந்த ஏற்பாடும் கிடையாது. எல்லாம் பேசி முடிந்துவிட்டது, கை தூக்கினால் போதும் என்று இரண்டு தரப்பும் நம்பியிருந்தன. அய்யா மெதுவான குரலில் மில்காரர் பெயரைச் சொல்லி, அவரை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். மில்காரர் எழுந்து நின்று சபையைப் பார்த்துக் கும்பிட்டார். மனுஷன் எதிரே நின்று கும்பிடும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? முன்வரிசை தூக்கியது. அதைப் பார்த்துப் பின்வரிசை தூக்கியது. மண்டபம் முழுக்கக் கை. அம்மா என் தோளை இறுகப் பிடித்தாள். அப்பாவின் கையும் மேலே இருந்தது. நான் இன்னும் நன்றாக எட்டிப் பார்த்தேன். மேடையில் மாமாவும் கை தூக்கியிருந்தார்.

மாமா தோற்றுப்போனார் என்று எனக்கு அழுகை முட்டியது. அடுத்து மாமா எழுந்து கும்பிட்டார். மறுபடியும் மண்டபம் முழுக்க அதே கைகள். மில்காரரும் சிரித்தபடி தூக்கினார். கீழே எண்ண வந்தவர்கள் விரலை நீட்டிக்கொண்டு பாதியில் நின்றுவிட்டார்கள். அய்யா மைக்கைப் பிடித்து, டாக்டர் சொன்னதையும் மறந்து, “ஏனுங்க, தலைவரு ஒருத்தருதானுங்க இருக்க முடியும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பக் கேட்டார். திரும்பவும் இரண்டு பேருக்கும் தூக்கினார்கள்.

அதற்குப் பிறகுதான் சிரிப்பு நின்றது. முதலில் தூக்கியதுதான் செல்லும் என்று ஒரு குரல், அது மரியாதைக்குத் தூக்கியது என்று இன்னொரு குரல். எங்கள் ஊர்ச் சண்டையிலும் ‘ங்க’ விட்டுப்போகாது. “நீங்க உக்காருங்க!” “நீங்க மொதல்ல உக்காருங்க!” என்று நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ ஒருவருடைய சட்டைப் பொத்தான் தெறித்தது. மேளக்காரர்கள் யாருக்கு வாசிப்பது என்று தெரியாமல் வாசலில் முழித்தார்கள். கடைசியில், சாப்பிட்டுவிட்டு வந்து சீட்டில் பெயர் எழுதிப் போடுவது என்று முடிவாயிற்று. சாப்பாடு ஆறுகிறது என்றதும் அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து வரவில்லை.

சீட்டுக்குக் காகிதம் வேண்டுமே. கூட்டத்துக்கு அடித்த நோட்டீஸ் கட்டுக்கட்டாகக் கிடந்தது, அதைக் கிழிக்கலாம் என்றார்கள். ஆனால் எப்படி மடித்தாலும் கிழிசல் அய்யாவின் படத்தில் முகத்தின் நடுவே போயிற்று. அய்யா உயிரோடு மேடையில் உட்கார்ந்திருக்கும்போது யார் கிழிப்பது? கடைசியில் படத்துக்குக் கீழே இருந்த வெள்ளை ஓரத்தை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிழித்தார்கள். அதற்கே ஒரு பந்தி நேரம் ஆயிற்று. எண்ணுவதற்கு இரண்டு பேரை உட்கார வைத்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். இன்னொருவர் மில்காரரின் மேனேஜர். கட்சிக் கணக்கையும் அவர்தான் பார்த்துவந்தார்.

சாப்பாட்டுக்கூடத்தில் மாமா எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை. இலைகளுக்கு நடுவே நடந்து, அங்கங்கே குனிந்து ஒவ்வொருவர் காதில் பேசிக்கொண்டிருந்தார். அப்பாவின் பக்கத்திலும் குனிந்தார். இப்போதாவது மாமா சுறுசுறுப்பாக ஓட்டுக் கேட்கிறாரே என்று எனக்குத் தெம்பு வந்தது. இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டேன்.

சீட்டுகளை ஒரு எவர்சில்வர் அண்டாவில் போட்டார்கள். ஹெட்மாஸ்டர் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்க, மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சீட்டை வாங்கிப் பார்த்து, இரண்டு பக்கமாக அடுக்கினார். மாமா பெயர் கொஞ்ச நேரம் ஓங்கும், பிறகு மில்காரர் பெயர் ஓங்கும். அம்மா கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். நான் வராந்தாக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதில் இரும்பு வாடை அடித்தது இன்னும் நாக்கில் இருக்கிறது.

மூன்று ஓட்டில் மாமா தோற்றார்.

மேளம் வெடித்துக் கிளம்பியது. முதல் சால்வையை மில்காரருக்கு மாமாதான் போர்த்தினார். நாங்கள் கீழே இறங்கி வருவதற்குள் மாமாவைச் சுற்றி ஒரு கூட்டம். காரமடைக்காரர், பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி, முறுக்கு கொடுத்த வீடுகள் எல்லாமே வரிசையில் நின்றன. ஒவ்வொருவரும் மாமாவின் கையைப் பிடித்து, “நான் உங்களுக்குத்தானுங்க போட்டேன்” என்றார்கள். மாமா ஒவ்வொருவரிடமும், “தெரியுமுங்க, தெரியுமுங்க” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “எல்லாருமே உங்களுக்குத்தான் போட்டாங்கன்னா அப்புறம் எப்பிடி மாமா தோத்தீங்க?” என்று கத்திவிட்டேன். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். மாமாதான் சிரித்தார். “கண்ணு, அவங்கெல்லாம் சரியாத்தான் போட்டாங்க. என்ற பேரு கொஞ்சம் நீளமில்ல, சீட்டுல எடம் பத்தலையாட்ட இருக்குது” என்றார். தோற்றவர் சிரிக்கிறார் என்றதும் எல்லோரும் நிம்மதியாகச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் கொதித்தது. அரசியல்வாதி என்றால் ஒருவர் சட்டையையாவது பிடிக்க வேண்டாமா?

மாமாவின் காரை அப்பாதான் ஓட்டினார். முன்னால் மாமா, பின்னால் நானும் அம்மாவும். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கருமத்தம்பட்டி வரை உள்ளுக்குள் பொருமிக்கொண்டே வந்த அம்மா, கடைசியில் அப்பாவின் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏனுங்க, நீங்க யாருக்குப் போட்டீங்க?”

கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரிந்தது, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா திரும்பவும் கேட்டாள்.

“உங்களைத்தானுங்க கேக்கறேன். எங்கண்ணனுக்குப் போட்டீங்களா, இல்லீங்களா?”

மாமாதான் பின்னால் திரும்பினார். “அவரைக் கேக்காத அம்மணி. மில்காரருக்கே போட்ருங்க மாப்ளன்னு நாந்தான் சொன்னேன். பேரைக் கையில எழுதச் சொல்லிப்போட்டாங்க. எண்ண உக்காந்த மேனேஜரு மாப்ளையோட எழுத்தை டெய்லி துணிச் சீட்டுல பாக்கறவரு. என்ற பேரை எழுதியிருந்தா அடுத்த வாரம் உங்கூட்டுக்குப் பாவு வருமா? தறி நின்னா நீங்க என்ன பண்ணுவீங்க? அவருகிட்டப் பாவு வாங்கறவங்க இன்னொரு மூணு பேரு இருந்தாங்க. அவுங்களுக்கும் அதையேதான் சொன்னேன்.”

சொல்லிவிட்டு, பிள்ளைகுட்டிக்காரங்க, பாவம் என்றார்.

எனக்குக் கணக்கு நன்றாக வரும். அப்பாவோடு சேர்த்து நான்கு பேர். அந்த நான்கை மில்காரரிடமிருந்து எடுத்து மாமாவிடம் போட்டேன். மாமா ஐந்து ஓட்டில் ஜெயித்திருந்தார். விரலை மடக்கி மறுபடியும் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஊரெல்லாம் அலைந்து, என்னையும் அலைக்கழித்து, அத்தனை முறுக்கையும் தின்ன வைத்துவிட்டு, கைக்கு வந்ததைப் பந்தியில் குனிந்து குனிந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்! இவரை நம்பி ஒரு கட்சி எப்படி உருப்படும்? நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னை இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டாள். அவள் வயிறு குலுங்கியது. அழுவதற்கு இதில் என்ன இருக்கிறது, கோபம் அல்லவா வர வேண்டும் என்று நினைத்தேன்.

அப்பா காரை ஓரம் கட்டி நிறுத்தினார். இறங்கி, சோளக்காட்டுப் பக்கம் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஆண்பிள்ளைகள் ரோட்டோரம் எதற்கு அப்படி நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஆகையால் பேசாமல் இருந்தேன். வெகுநேரம் ஆகியும் அவர் வரவில்லை. மாமா இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றார். பிறகு அப்பாவின் தோளில் கையைப் போட்டார். அப்பாவின் தலை இன்னும் தாழ்ந்தது.

எனக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. பசி வேறு. ஒன்றுக்கு இருக்க ஒரு மனுஷருக்கு இவ்வளவு நேரமா, அதற்குத் துணைக்கு இன்னொருவர் வேறா என்று எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவின் கையை விலக்கிவிட்டு, முன்சீட்டுகளின் நடுவே எக்கி, ஹாரனை ஓங்கி அழுத்தினேன். இரண்டு பேரும் திரும்பவே இல்லை.